எண்ணெய் இல்லாத பலகாரம்

என் வீட்டுக்காரி குவைத்திலிருந்து திரும்பி வந்த அன்று எங்கள் தோட்டத்து லயத்தில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். என்ன கொண்டு வந்தா? சங்கிலியா, டீவியா, டேப் ரெக்கார்டரா? அவள் கொண்டு வந்தது ஒரு கரண்ட் ஓவன். ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் அந்த அட்டைப் பெட்டியை என் தலையில் ஏற்றி வைத்தாள். பஸ்காரன் அதற்கும் ஒரு டிக்கெட் போட்டான். தோட்டத்துச் சந்தியில் இறங்கி, மலையேறி, லயத்து இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், இறக்கி வைத்தபோது என் கழுத்து உடம்புக்குள் இறங்கிவிட்டது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். பாண் சுடுற பெட்டிக்காகவா இத்தனை வருசம் அரபிக்காரன் வீட்டுல கெடந்த என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்துக் காம்பரா அக்காவின் சேலைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு நின்றாள். இவள் போகும்போது பிள்ளைக்குப் பேச்சு சரியாக வரவில்லை. திரும்பும்போது பிள்ளை ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க நான் ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், கொழுந்து அரைக்கும் ரோலரோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குச் சோறூட்டியதும், பேன் பார்த்ததும், காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடியதும் அக்காதான். கூடப் பிறந்தவர் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர். அவருக்குப் பிள்ளை இல்லை. என் மகள் அவரைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள். பெற்றவளைக் குவைத்தம்மா என்றாள்.

அன்று சாயங்காலம் பெட்டியைப் பிரித்து, ஓவனை மேசையில் தூக்கி வைத்துத் துடைத்துக்கொண்டே என் வீட்டுக்காரி சொன்னாள்: “இது நல்லா ஓடுச்சின்னா நான் திரும்பிப் போக மாட்டேன்.”

அதற்குப் பிறகு நான் அந்தப் பெட்டியைத் திட்டவில்லை.

அவள் வேலை பார்த்த வீட்டில் வாரா வாரம் விருந்தாம். சோறு கறிக்கு முன்னால் தட்டுத் தட்டாகச் சின்னச் சின்னதாக ஏதாவது வந்துகொண்டே இருக்க வேண்டுமாம். ஒரு வாயில் போடுகிற அளவுதான் இருக்கும். உறைப்பும் இருக்கும், இனிப்பும் இருக்கும். எல்லாவற்றையும் ஓவனில்தான் சுடுவார்கள், எண்ணெயில் பொரிப்பது கிடையாது. நம்ம ஊரில் கல்யாணமோ பேர்த்டேயோ எதுவானாலும் சோட்டீஸ் என்கிற கொறிக்கும் பலகாரம் வேண்டும், ரோல்ஸும் பெட்டிஸும் ஹட்டன் கடையிலிருந்து எண்ணெய் வடிய வடியத்தான் வருகிறது, எண்ணெய் இல்லாமல் சுட்டுக் கொடுத்தால் ஆட்கள் தேடி வருவார்கள் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

முதலில் எல்லாம் கூத்துத்தான். பருப்பு வடையை ஓவனில் வைத்துப் பார்த்தாள். வெளியே எடுத்ததைக் கடித்த எனக்கு ஒரு பல் ஆடியது. ரோட்டுக்குக் கல் பத்தாட்டி சொல்லு, மூட்டை மூட்டையாச் செஞ்சி குடுப்போம் என்றேன். அவளும் சிரித்தாள். பிறகு மெல்ல மெல்லக் கை கூடியது. கோதுமை மாவில் மாஜரினைப் பிசிறிப் பிசைந்து, ஈரத் துணியில் சுற்றி, பின்பக்கம் கல்லின் மேல் வைத்துவிடுவாள். எங்கள் ஊர்க் குளிருக்குத் தனியாக ஃபிரிட்ஜ் எதற்கு? காலையில் எடுத்துத் தேய்த்து, டம்ளர் வாயால் வட்டம் வெட்டி, உள்ளே டின்மீனும் உருளைக்கிழங்கும் லீக்ஸும் மிளகுத்தூளும் போட்டுக் கிளறியதை வைத்து, அரை நிலாவாக மடித்து, ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அழுத்துவாள். இனிப்புக்குத் தேங்காய்ப்பூவும் கித்துள் கருப்பட்டியும் ஏலக்காயும். பாண் ரொட்டித் துண்டின் ஓரத்தை வெட்டி, போத்தலால் உருட்டித் தட்டையாக்கி, சின்னத் தகரக் கிண்ணத்துக்குள் அமுக்கி, நடுவில் முட்டையும் வெங்காயமும் ஊற்றிச் சுடுவது ஒன்று. அதுதான் எல்லாவற்றிலும் சுலபம். என் மகள் பக்கத்தில் வந்து நின்று பார்க்கத் தொடங்கியதும் அந்தப் பாண் கிண்ணத்துக்குத்தான். அமுக்கிக் கொடுக்கட்டுமா என்று ஒரு நாள் அவளாகவே கேட்டாள். அன்று முழுக்க என் வீட்டுக்காரிக்குத் தரையில் கால் பாவவில்லை.

லயத்தைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே தகரக் கூரை, அதன் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். நடுச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் அத்தனை வீட்டிலும் சோறு இறங்கும். புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டால் மூன்றாவது வீட்டுக்காரன் தீர்ப்புச் சொல்வான். கரண்ட் வந்தும் அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஓவனைப் போட்டதும் லயத்தில் அத்தனை பல்பும் மங்கி, பழுத்த ஆரஞ்சு நிறத்துக்குப் போகும்.

உடனே சுவருக்கு மேலாக அக்காவின் புருஷன் குரல் வரும். அவரை நாங்கள் மாமா என்போம். ஸ்டோரில் தேயிலை காய வைக்கும் அடுப்புக்கு விறகு போட்டுப் போட்டே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். மாப்புள, ஒம் பொண்டாட்டி பெட்டியப் பத்த வச்சிட்டாளா, என் டீவில ஆளுங்கல்லாம் குள்ளமாயிட்டாங்க என்பார். அவள் சுட்டதில் முதல் தட்டு எப்போதும் அக்கா வீட்டுக்குத்தான் போகும். அக்கா சாப்பிடுவார். மாமா தொட மாட்டார். எண்ணெயில விழாதது பலகாரமா, குளிக்காத மாப்பிள்ள மணவறைல ஒக்காந்த மாதிரில்ல இருக்கு என்பார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், கடையில், கோயிலில், எங்கே போனாலும் இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார். என் வீட்டுக்காரியும் விட மாட்டாள். ஒரு நாளைக்கு நீங்களா கேட்டு வாங்கித் திம்பீங்க மாமா, நான் பாக்கத்தான் போறேன் என்பாள். செத்தாலும் மாட்டேன் என்பார் அவர்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், மாமா அந்தப் பலகாரத்தைத் தொட மாட்டார் என்பது எங்கள் லயத்தில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது ஞாபகம் இருக்கட்டும்.

சின்னச் சின்ன ஓடர்கள் வந்தன. ஒரு பேர்த்டே, ஒரு சடங்கு, டீச்சர்மார் ஒரு பிரியாவிடைக்கு. அதற்குள் குவைத்திலிருந்து பழைய வீட்டம்மா திரும்ப வரச் சொல்லி ஏஜென்சிக்காரன் மூலமாகச் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தாள். இவள் இல்லை என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அப்போதுதான் எங்கள் தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மகளுக்கு நிச்சயதார்த்தம். கொழும்பிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலத் தேத்தண்ணிக்கு வருகிறார்கள், பெரிய துரையும் சுற்றுத் தோட்டத்து ஸ்டாஃப் எல்லோரும் வருகிறார்கள், எண்ணெய் இல்லாத பலகாரம் மூன்று வகை வேண்டும் என்று கிளாக்கர் அம்மா கேட்டிருந்தார். நன்றாக இருந்தால் ஸ்டாஃப் கிளப்புக்கு மாதா மாதம் இவளையே வைத்துக்கொள்ளச் சொல்வதாகவும் சொல்லியிருந்தார். மாஜரின் வேண்டாம் என்று பட்டரும் அவரே கொடுத்தனுப்பினார், டின் டின்னாக.

அன்று அவள் ஏஜென்சிக்காரனுக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். என்னிடம் கேட்கவில்லை. வந்து சொன்னாள், அவ்வளவுதான். நான் வெளியே போய் நின்று கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்தினேன்.

முதல் நாளே உள்ளீடு எல்லாம் கிளறி வைத்தாயிற்று. மா பிசைந்து, சுற்றி, கல்லின் மேல் வைத்தாயிற்று. நிச்சயதார்த்தத்தன்று விடியக்காலையில் அக்காவின் சத்தம் சுவருக்கு மேலாக வந்தது. நாங்கள் ஓடிப் போனபோது மாமா போய்விட்டிருந்தார். தேத்தண்ணி கேட்டாராம், ஊற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

என் வீட்டுக்காரி அன்று காலையில் அழுததை லயமே பார்த்தது. அக்காவைக் கட்டிக்கொண்டு, நான் இல்லாதப்ப எம் புள்ளைக்கு யாரு இருந்தா, இந்த மனுசன் தோள்லதானே அது தூங்குச்சி என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் மனசு கல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு கட்டு உண்டு. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பொணம் எடுக்கும் வரைக்கும் அந்த லயத்தில் எந்த வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம். தாளிப்பும் கிடையாது, பொரிப்பும் கிடையாது. பாணும் தேத்தண்ணியும்தான். அடுத்த லயத்திலிருந்து யாராவது சோறு கொண்டுவந்தால் உண்டு. சாவு வீட்டுக்கோ கருமாதி வரைக்கும் அந்தக் கட்டு. கருமாதியன்றைக்குச் சொந்தக்காரர்கள் எண்ணெய்ச் சட்டி வைத்து வடை சுட்டுப் படைத்தால்தான் துக்கம் கழிந்ததாகப் பேச்சு. யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் மீறியவர்களும் இல்லை.

வெயில் ஏறும் நேரத்தில் அவள் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டாள். முகம் வீங்கியிருந்தது. சாயங்காலம் கிளாக்கர் வீட்டில் ஆட்கள் வந்துவிடுவார்கள். மாற்றுக்கு ஹட்டனுக்குப் போய் வாங்கிவரவும் நேரம் பத்தாது. வராது என்று இப்போது போய்ச் சொன்னால் அத்தோடு எல்லாம் முடிந்தது. ஏஜென்சிக்காரனிடம் வேறு வரவில்லை என்று சொல்லியாயிற்று. இதையெல்லாம் அவள் வாயால் சொல்லவில்லை, எனக்கும் தெரியும். கடைசியில் மெதுவாகச் சொன்னாள்:

“எண்ணெய்ச் சட்டிதானே வைக்கக் கூடாது. இதுல சட்டியும் இல்ல, எண்ணெயும் இல்ல. கரண்டுதானே.”

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. பூசாரியைக் கேட்டிருந்தாலும் அவர் என்ன சொல்லியிருப்பார், எந்தச் சாத்திரத்தில் ஓவன் இருக்கிறது? பகல் நேரம், பல்பு மங்கினாலும் யாருக்கும் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு சுட்டு எடுத்துவிடலாம். நான் குழி வெட்டப் போகிற ஆட்களோடு கிளம்பிவிட்டேன்.

நாங்கள் இரண்டு பேருமே பட்டரை மறந்துவிட்டோம். அதுவரை மாஜரினில்தான் சுட்டிருந்தாள். மாஜரினுக்கு அப்படி ஒன்றும் மணம் கிடையாது. பட்டர் எங்கள் வீட்டுக்குள் வந்ததே அன்றைக்குத்தான். அது சூட்டில் என்ன செய்யும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

குழி வெட்டி முடித்து, கைகால் கழுவிக்கொண்டு தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் வந்துகொண்டிருந்தோம். லயம் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே மணம் வந்துவிட்டது. பட்டரும், தேங்காயும், உருகிய கருப்பட்டியும், ஏலக்காயும். கீழே தப்பு மேளச் சத்தம் கேட்கிறது, ஒப்பாரி கேட்கிறது, மணமோ கல்யாண வீட்டு மணம். என்னோடு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. நான் நடையைக் கூட்டினேன்.

மாமாவின் தம்பி வட்டகொடையிலிருந்து சொந்தக்காரர்களோடு வந்திறங்கியிருந்தார். தண்ணி போட்ட ஆள், அண்ணன் செத்த வேதனை வேறு. இஸ்தோப்பில் பொணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு, எங்கள் சாத்திய கதவைப் பார்த்துக் கத்தினார்.

“இங்க எங்கண்ணன் கெடக்கான், எவ வீட்டுலடா விருந்து வேகுது?”

தப்பு நின்றுவிட்டது. ஒப்பாரியும் நின்றது. எங்கள் கதவு திறந்தது. என் வீட்டுக்காரி கைத்துணியோடு வெளியே வந்து நின்றாள். முகத்தில் மா. மாமாவின் தம்பி அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். அவர் கை நீண்டிருந்தால் அன்று அந்தக் குழி இருவருக்கானதாக ஆகியிருக்கும்.

அதற்குள் பொணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தலையை நிமிர்த்தினார்.

“அவள ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் சுடச் சொன்னேன். அவருக்கு அந்தப் பலகாரம்னா உசிரு. பொட்டியில வச்சி அனுப்பலாம்னு கேட்டேன்.”

மாமாவின் தம்பிக்குக் கோபம் அப்படியே அழுகையாக மாறிவிட்டது. திரும்பிப் போய் அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டார். வெளியூர் ஆட்கள் எல்லோரும் நம்பினார்கள். லயத்து ஆட்கள் ஒருவர்கூட நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? குளிக்காத மாப்பிள்ளை என்று மாமா சொன்னதைக் கேட்டுச் சிரிக்காதவர் ஒருவரும் அங்கே இல்லை. ஆனாலும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தப்பு மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.

என் வீட்டுக்காரி உள்ளே போய், தட்டிலிருந்து சூடாக ஒன்றை எடுத்து வந்து, அக்கா சொன்ன வாக்குக்காக மாமாவின் கைப்பக்கம் சவப்பெட்டிக்குள் வைத்தாள். அவசரத்தில் எடுத்தது, அடிப்பக்கம் வேகவில்லை. வெள்ளையாக இருந்தது.

பொணம் எடுத்து, புதைத்து, குளித்துவிட்டு, மிச்சத்தைச் சுட்டு, சாயங்காலம் தட்டுகளை நானே கிளாக்கர் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனேன். அவள் வரவில்லை. விருந்தில் சூட்டோடு சூடாக எல்லாம் காலியானது. பெரிய துரை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். கிளாக்கர் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். லயத்தில் சாவு என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல, வெறும் தட்டுகளைத் திருப்பித் தரும்போது என்னிடம் கேட்டார்:

“ஐயோ, ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த ஓவனை இஞ்ச கொண்டு வந்து சுட்டிருக்கலாமே, தம்பி. எங்கட குசினி சும்மாதானே கிடந்தது.”

நான் அங்கேயே நின்றுவிட்டேன். உண்மைதான். ஓவனை என் தலையில் ஏற்றியிருந்தால் ஒரு நடை. கேட்டிருந்தால் அந்தம்மா மாட்டேன் என்றிருக்க மாட்டார். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த யோசனை வரவே இல்லை. ஸ்டாஃப் வீட்டுக்குப் பின்வாசலில் நின்று சாமானைக் கொடுத்துவிட்டு வருவோம், அந்த வாசலைத் தாண்டி உள்ளே போய் அவர்கள் அடுப்படியில் நிற்பது என்று ஒன்று உலகத்தில் உண்டென்பதே எங்களுக்குத் தெரியாது. எத்தனை தலைமுறையாக அந்தப் பின்வாசலில் நின்று பழகியிருந்தோமோ. ஒரு வார்த்தை, ஐயா. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, அப்பிடியா என்றாள்.

அதன் பிறகு அவள் ஓவனைப் போடவில்லை. கிளப்பிலிருந்து ஆள் வந்தது. முடியாது என்று சொல்லியனுப்பினாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அக்கா ஒண்ணும் சொல்லலையே, லயத்துல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே, நீ ஏன்டி உன்னை நீயே போட்டு வதைக்கிற என்று குதித்தேன். அதுதான் என்றாள் அவள். யாராச்சும் ரெண்டு திட்டு திட்டியிருந்தா நானும் ரெண்டு அழுது தீத்திருப்பேன், இந்தச் சொவத்துக்கு இந்தப் பக்கம் நின்னுகிட்டு இனிமே என்னால சுட முடியாது என்றாள். நான் எத்தனையோ விதமாகப் பேசிப் பார்த்தேன். வேறு லயத்தில் காம்பரா கேட்டுப் பார்க்கலாம் என்றேன். அக்காவ விட்டுட்டா என்று கேட்டாள்.

அக்கா திட்டியிருக்கலாம். எனக்கு இந்த வயதிலும் அந்த எண்ணம் போகவில்லை. மயிரைப் பிடித்து இழுத்து நாலு சாத்துச் சாத்தியிருந்தால் என் வீட்டுக்காரி எங்களோடு இருந்திருப்பாள். அக்கா காப்பாற்றிவிட்டார், அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

கருமாதிக்கு முன்பே ஓவனை ஹட்டனில் ஒரு டீக்கடைக்காரனுக்குக் கொடுத்துவிட்டாள். ஏறி வந்த அதே தலையில் அது இறங்கிப் போனது. மறுபடியும் ஏஜென்சிக்காரனைப் பார்த்து, கொழும்புக்கு மெடிக்கலுக்கும் போய் வந்துவிட்டாள். மகளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை எப்படியோ தெரிந்துகொண்டு பாண் கிண்ணத் தகரங்களைத் தன் ஸ்கூல் பையில் எடுத்து ஒளித்து வைத்திருந்தது.

கருமாதிக்கு முதல் நாள் அக்கா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். புருஷன் போனதிலிருந்து அவர் அடுத்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை, அன்றும் உள்ளே வரவில்லை. வெளியே நின்றுகொண்டே என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்.

“நாளைக்கிப் படையலுக்கு அந்த இனிப்புல கொஞ்சம் சுட்டுக் குடு, தாயி. இருக்கும்போதுதான் வீம்புக்குத் தின்னல. இப்பவாச்சும் தின்னட்டும். நான் அத்தன பேர் முன்னால சொன்னது பொய்யாப் போகக் கூடாது.”

மேசை காலியாகக் கிடந்ததை அக்கா வாசலிலிருந்தே பார்த்துவிட்டார். எங்கே என்று அவர் கேட்கவில்லை. எப்ப பயணம் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் நான் ஹட்டனுக்கு ஓடினேன். ஓவனை வாங்கிய டீக்கடைக்காரன் அதை நுவரெலியாவில் இருக்கும் மச்சானுக்குக் கைமாற்றிவிட்டதாகச் சொன்னான். அவனை அங்கேயே அடித்திருப்பேன், அவன் மேல் என்ன பிழை? கடைப் பெட்டிஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். வடை, முறுக்கு, சுருட்டு எல்லாவற்றோடும் அதையும் படையலில் வைத்தார்கள். படையல் எடுத்த பிறகு அக்கா அதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பிய்த்தார். விரலெல்லாம் எண்ணெய். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பரவாயில்ல என்றார். என் வீட்டுக்காரி அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

அவள் போன அன்று ஹட்டன் ஸ்டேஷனில் மகள் அழவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவள்தான் ரயில் பெட்டிக்குள்ளிருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த முறை போனவள் நடுவில் இரண்டு தடவை வந்தாள், சட்டென்று திரும்பிவிட்டாள். வந்தபோதெல்லாம் முதலில் அக்கா வீட்டுக்குத்தான் போவாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள், சிரிப்பார்கள்கூட. பலகாரத்தைப் பற்றிய பேச்சை மட்டும் எடுக்க மாட்டார்கள். மகளைப் படிக்க வைத்தது அவள் அனுப்பிய காசு, வளர்த்தது அக்கா. நான் நடுவில் ரோலர் சத்தத்தில் காது மந்தமாகி உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது, கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். மகள் ஹட்டனில் மேல்வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது அக்கா போய்ச் சேர்ந்தார். புருஷனைப் போலவே யாரையும் கஷ்டப்படுத்தவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. மகள் அம்மா அம்மா என்று கத்தியது மலை முழுக்கக் கேட்டது. நான் கோயில் மேட்டுக்கு ஏறி நின்று குவைத்துக்கு அடித்தேன்.

சொன்னேன். அவள் குரல் வந்தது. அழுகையில்லை, காய்ந்துபோன குரல்.

“லயத்துல யாரும் எண்ணெய்ச் சட்டி வைக்கலையே?”

இல்லை, யாரும் வைக்கவில்லை என்றேன்.

“இங்க இன்னைக்கி விருந்து. வீடு நெறைய ஆளுங்க. காலையிலருந்து சுட்டுக்கிட்டு நிக்கிறேன். சாவுன்னு சொன்னா, ஒன் சொந்த அக்காவான்னு கேப்பாங்க.” பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. “மாமா கெடந்தப்பவும் சுட்டேன். இப்ப அக்கா கெடக்கறப்பவும் சுட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன். இப்ப எனக்காகப் பொய் சொல்ல யாரு இருக்கா?”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பக்கம் ஓவன் மணி அடித்தது எனக்கே தெளிவாகக் கேட்டது. கருகிரும், வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.